மாவு அல்ல

நான் வாங்கியிருக்க வேண்டியது இரண்டாவது ஈஸ்ட். கடைக்காரர் அதைத்தான் எடுத்து என் கையில் கொடுத்தார். நான்தான் பெரிய மேதாவி மாதிரி அதைத் திருப்பி வைத்துவிட்டு மூன்றாவதை எடுத்தேன். இந்த ஒரு காரியத்தால் என் மாமியார் மூன்று வருஷம் தன் கையையே நம்பாமல் இருந்தார் என்று சொன்னால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். நானும் ரொம்ப நாள் மனசுக்குள் சிரித்துத்தான் சமாளித்தேன். இப்போது எழுத உட்கார்ந்தால் காது சூடாகிறது.

தொண்ணூறுகளின் பின்பாதி. சான்டா கிளாராவில் மாடியில் ஒரு இரண்டு அறை அபார்ட்மென்ட். நான் ஒரு சிப் கம்பெனியில் டெஸ்ட் எஞ்சினியர். என்னோடு லேபில் வேலை பார்த்த வெள்ளைக்கார டெக்னீஷியன் ஒருவர் வீட்டிலேயே பீர் காய்ச்சுவார். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் லேபிள் ஒட்டாத பாட்டில் ஒன்றை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். பீர் என்பது தொழிற்சாலையில் மட்டும் பிறக்கும் வஸ்து என்று அதுவரை நினைத்திருந்தவன் நான். அடுத்த சனிக்கிழமையே அவர் வீட்டு கராஜில் போய் நின்றேன்.

குடிகாரன் என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். ஒரு பாட்டிலைத் தாண்டினால் எனக்குத் தூக்கம் வந்துவிடும். எனக்குப் பிடித்தது அந்த வேலைதான். தெர்மாமீட்டர், நேரம், அளவு, எல்லாவற்றையும் எழுதி வைக்க ஒரு நோட்டு. ஆபீசில் செய்வதையே வீட்டிலும் செய்துகொண்டு அதற்குப் பொழுதுபோக்கு என்று பேர் வைத்துக்கொள்ளும் ஜாதி நான்.

முதல் தடவை டப்பாவில் வரும், முளைகட்டிய பார்லியிலிருந்து எடுத்த மால்ட் பாகும் அதன் மூடிக்கு அடியில் இருந்த ஒரு சின்ன ஈஸ்ட் பாக்கெட்டும் வைத்துக் காய்ச்சினேன். கண்ணாடி ஜாடியை ஹாலிலேயே வைத்தேன். மூன்று வாரம் கழித்துத் திறந்தபோது வீடே மணத்தது. என் மனைவி ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, "இது என்னங்க, வாழைப்பழ எசன்ஸ் ஊத்துனீங்களா?" என்றாள்.

டெக்னீஷியன் காரணம் சொன்னார். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயத்தையும் வாயுவையும் தருகிறது. கூடவே சும்மா இருக்காமல் வாசனைகளையும் விட்டுப் போகிறது. இடம் சூடாக இருந்தால் அதன் சேட்டை அதிகம். சில ஈஸ்ட்கள் இயல்பிலேயே வாயாடிகள், பழ வாசனை இல்லாமல் இருக்கவே தெரியாது. லாகர் என்ற பீர் வகைக்கான ஈஸ்ட் மட்டும் குளிரில், அடியில் கிடந்து, மெதுவாக வேலை செய்து, தான் வந்துபோன சுவடே தெரியாமல் அடங்கிவிடும். கறுப்பு பீரில் வறுத்த தானியத்தின் ருசி எந்தத் தப்பையும் மறைக்கும். வைக்கோல் நிற லாகரில் ஒளிந்துகொள்ள இடமே கிடையாது.

அது எனக்குப் பித்துப் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. குடித்தால் தானியமும் தண்ணீரும் தெரிய வேண்டும், காய்ச்சியவன் தெரியக் கூடாது. அப்படி ஒரு சுத்தமான பீரைச் செய்துவிட வேண்டும் என்று, மனைவி நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்த காலத்தில், நான் சான் ஹோசேயில் இருந்த ஒரு கடைக்குக் கிளம்பினேன்.

பீர் காய்ச்சும் சாமான்களுக்கென்றே இருந்த கடை அது. குடுமி மாதிரி முடியை இழுத்துக் கட்டியிருந்த கடைக்காரர், நான் சொன்னதைக் கேட்டு மூன்று ஈஸ்ட்களை வரிசையாக எடுத்து வைத்தார். முதலாவது, ஏல் என்ற சாதாரண பீர் வகைக்கான உலர்ந்த ஈஸ்ட். அறுபது டிகிரி ஃபாரன்ஹீட் பக்கத்தில் வைத்தால் முக்கால்வாசி சுத்தமாக வரும், தொல்லை கிடையாது, பாக்கெட்டைப் பிரித்துத் தூவினால் முடிந்தது. இரண்டாவது, ஐஸ் கிடைக்காத காலத்தில் இதே கலிபோர்னியாவில் பழகிய ஒரு லாகர் வகை. கொஞ்சம் சூட்டைப் பொறுத்துக்கொள்ளும், லாகர் மாதிரியே நடந்துகொள்ளும். மூன்றாவது அசல் லாகர் ஈஸ்ட். ஐம்பது டிகிரி, நம் ஊர்க் கணக்கில் பத்து டிகிரிக் குளிர், வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். நடுவில் அழுகிய முட்டை நாற்றம் வரும், பயப்படக் கூடாது. அவசரப்பட்டால் வெண்ணெய் வாசனை தங்கிவிடும், அதனால் கடைசியில் இரண்டு நாள் கொஞ்சம் சூடு காட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல் அளவு இரண்டு மடங்கு வேண்டும். ஒரு பாக்கெட் போதாது. முதலில் சின்னதாக ஒரு பீர் காய்ச்சி, அடியில் படியும் ஈஸ்ட்டைச் சேர்த்து வைத்து, அடுத்ததற்கு அதைப் போட வேண்டும்.

"உங்களிடம் தனி ஃபிரிட்ஜ் இருக்கிறதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் இரண்டாவதை எடுத்து என்னிடம் நீட்டினார்.

எங்கள் பால்கனியில் சாமான் போட்டு வைக்க ஒரு சின்ன அலமாரி அறை உண்டு. நவம்பர், டிசம்பரில் அதற்குள் ஏறக்குறைய ஐம்பது டிகிரிதான் இருக்கும். அது ஒரு காரணம். இன்னொரு காரணத்தைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. நுழைவுத் தேர்வுகள் எழுதியே வளர்ந்த எனக்கு, மூன்று விடை கொடுத்தால் கஷ்டமானதுதான் சரியான விடை என்று ஒரு நம்பிக்கை. மூன்றாவதை வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஐந்து வாரம் பால்கனி அறையில் ஜாடி கிடந்தது. வெயில் அடித்தால் ஈரத் துண்டு சுற்றினேன். முட்டை நாற்றம் வந்தது, போனது. வெண்ணெய் வாசனை வந்தது, ஜாடியை இரண்டு நாள் ஹாலில் வைத்தேன், அதுவும் போனது. மிச்சமிருந்தது நான் நினைத்ததற்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தது. அடியில் கெட்டியாக, பழுப்பு கலந்த வெள்ளையாக, ஒரு விரல் உயரத்துக்கு ஈஸ்ட் படிந்திருந்தது. அடுத்த பீர்தான் அசல் பீர் என்று நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன்.

அந்த வாரம்தான் மனைவி கட்டளை போட்டாள். அவள் அம்மா பிரசவம் பார்க்க ஊரிலிருந்து வருகிறார்.

"அம்மா வர்றதுக்குள்ள இதெல்லாம் வெளிய போயிடணும். மாப்பிள்ளை வீட்லயே சாராயம் காய்ச்சுறார்னு திருநெல்வேலி பூரா சொல்லிடுவாங்க. அவங்க திரும்பிப் போற வரைக்கும் ஒண்ணும் கூடாது. ப்ராமிஸ் பண்ணுங்க."

சத்தியம் செய்தேன். ஜாடி, குழாய், பாட்டில், மால்ட் எல்லாவற்றையும் டெக்னீஷியன் வீட்டுக் கராஜில் கொண்டுபோய் வைத்தேன். ஈஸ்ட்டை மட்டும் விட மனசு வரவில்லை. ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மாதம் தாங்கும் என்று கேட்டிருந்தேன். கொதித்து ஆறிய தண்ணீரில் அலசி, காலியான ஒரு தயிர் டப்பாவில் ஊற்றி, ஃபிரிட்ஜின் அடித்தட்டில் பின்பக்கமாகத் தள்ளி வைத்தேன்.

அமெரிக்காவில் நம் ஆட்களின் ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். பத்து தயிர் டப்பா இருக்கும், ஒன்றில்கூடத் தயிர் இருக்காது. நேற்றைய சாம்பார் ஒன்றில், சட்னி ஒன்றில், மாவு இரண்டில், நறுக்கிய தேங்காய் ஒன்றில். அந்தக் கூட்டத்தில் என் டப்பாவும் ஒன்றாக நின்றது. மேலே ஏதாவது எழுதி ஒட்டியிருக்கலாம். எழுதினால் மாட்டிக்கொள்வேன் என்று எழுதவில்லை.

அத்தை வந்தார். அதற்கு முன் மெட்ராஸைத் தாண்டி எங்கும் போகாதவர். கார் ஓட்டத் தெரியாது, டிவியில் பேசுவது புரியாது, நாங்கள் இருவரும் ஆபீஸ் போனபின் ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பார்க்கிங் லாட்டைப் பார்த்தபடி இருப்பார். வந்த முதல் வாரம் இட்லிக்கு அரைத்தார். மறுநாள் மாவு வைத்த இடத்திலேயே வைத்தபடி இருந்தது.

"என்ன ஊரு மாப்ளே இது. மாவு செத்துல்லா கெடக்கு" என்றார். முகத்தில் அப்படி ஒரு அவமானம்.

கீழ்வீட்டுத் தமிழ் ஆன்ட்டி ஒருவர் வழி சொல்லிக் கொடுத்தார். ஓவன் அடுப்பைப் பற்றவைக்காமல் அதன் உள்விளக்கை மட்டும் போட்டு, அதற்குள் மாவை வைத்துவிட வேண்டும், பழைய மாவு ஒரு கரண்டி சேர்த்தால் இன்னும் நல்லது. அதன்பின் அத்தையைப் பிடிக்க முடியவில்லை. ஒரே வீட்டில் நான் குளிரைத் தேடி அலைந்த மாதிரி அவர் சூட்டைத் தேடிப் பிடித்துவிட்டார். அந்த இட்லியை நான் வர்ணிக்கப் போவதில்லை. அபார்ட்மென்ட் வளாகத்தில் இருந்த எட்டு தமிழ்க் குடும்பமும் சனிக்கிழமை காலையில் ஏதோ ஒரு சாக்கில் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டியது என்று மட்டும் சொல்கிறேன். பிஎச்டி படித்த பெண்கள் நோட்டை வைத்துக்கொண்டு உளுந்து எவ்வளவு, வெந்தயம் எவ்வளவு என்று கேட்டு எழுதினார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அம்மாள் அந்த வளாகத்துக்கே முக்கியமான மனுஷியாகிவிட்டார்.

குழந்தை ஜனவரியில் பிறந்தது. பெண் குழந்தை. பேர் வைக்கும் விழாவுக்கு வளாகத்தின் கிளப்ஹவுஸை எடுத்தோம். நாற்பது பேர். என் மனைவி, "கேட்டர் பண்ணிடலாம்மா, உனக்கு எதுக்கு கஷ்டம்?" என்று கேட்டாள். அத்தை ஒத்துக்கொள்ளவில்லை.

"எம் பேத்திக்கு நான் செய்யாம எவ செய்வா? சாமிக்குப் படைக்கிறதைக் கடையில வாங்குவாகளா?" என்றார்.

ஊரிலிருந்து சுமந்து வந்த டேபிள்டாப் கிரைண்டரில் நாலு ஈடு அரைத்தார். அந்த வாரம் அவருக்குச் சளி பிடித்து மூக்கு முழுக்க அடைத்திருந்தது. குழந்தைக்கு ஒட்டிவிடக் கூடாதென்று முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டே வேலை செய்தார்.

விழா அன்று காலையில் நான் காபி போட அடுப்படிக்குப் போனேன். இரண்டு பெரிய பாத்திரத்திலும் மாவு விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. அத்தைக்குக் கண்ணெல்லாம் சிரிப்பு.

"பாத்தீகளா மாப்ளே, எப்படிப் பொங்கிருக்குன்னு! குளிரு சாஸ்தியா இருக்கேன்னு பயந்துட்டே இருந்தேன். ஃபிரிட்ஜுல அடியில பழைய மாவு ஒரு டப்பா கெடந்துச்சு. அம்புட்டையும் ஊத்திக் கலக்கிட்டேன். அதுதான் தூக்கிட்டு."

சிங்க் பக்கத்தில், கழுவிக் கவிழ்த்து வைத்த தயிர் டப்பா ஒன்று காய்ந்துகொண்டிருந்தது.

நான் பாத்திரத்துக்கு மேல் குனிந்தேன். டெக்னீஷியனின் கராஜ் வாசனை வந்தது. அத்தைக்கு மூக்கடைப்பில் வாசனை தெரியாது. சாமிக்குப் படைக்கும்வரை எதையும் வாயில் வைத்துப் பார்க்க மாட்டார், உப்புகூடக் கைக் கணக்குதான். ஆக அந்த வீட்டில் விஷயம் தெரிந்தவன் நான் ஒருவன்.

மணி எட்டு. பூஜை பத்தரைக்கு. எல் கமினோ சாலையில் இட்லி போடும் கடைகள் இருந்தன. ஒரு போன் செய்தால் நூறு இட்லி தயாராகிவிடும். "அத்தை, அது மாவு இல்லை, என் தப்பு" என்று ஒரு வரி சொன்னால் போதும். நான் கார் சாவியைக்கூடக் கையில் எடுத்தேன். அப்போது மனைவி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளேயிருந்து வந்தாள். தூக்கமில்லாத முகம், ஆனாலும் சந்தோஷமாக இருந்தாள். "எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள். சும்மா, என்று சொல்லிச் சாவியை ஆணியில் மாட்டினேன்.

எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம் இது. ஆவியில் வேகும்போது சாராயம் பறந்துவிடும், வாசனையும் போய்விடும். அது உண்மை. ஆனால் பீரில் கசப்புக்காகவே போடும் ஹாப்ஸ் பூவின், ஈஸ்ட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும் கசப்பு எந்தச் சூட்டிலும் பறக்காது. அதுவும் எனக்குத் தெரியும். அதை மட்டும் அந்த இரண்டரை மணி நேரம் தெரியாத மாதிரி இருந்தேன்.

இட்லி பஞ்சு மாதிரிதான் வந்தது. சாமி படத்துக்கு முன் வாழை இலையில் சர்க்கரைப் பொங்கலும் வடையும் அதுவும் வைத்தார்கள். என் பெண்ணின் காதில் அவள் பேரை மூன்று தடவை சொன்னேன். பீரின் அடிமண்டியைச் சாமிக்குப் படைத்துவிட்டுக் கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

பந்தி ஆரம்பித்தது. முதல் இரண்டு நிமிஷம் பேச்சும் சிரிப்புமாக இருந்தது. அப்புறம் பேச்சு குறைந்தது. ஒரு பையன் வாயிலிருந்ததைத் தட்டில் துப்பிவிட்டு, "இட்ஸ் பிட்டர், மாம்" என்று உரக்கச் சொன்னான். அவன் அம்மா அவனை அதட்டினாள். கீழ்வீட்டு ஆன்ட்டி, நல்ல மனசுக்காரர், மெதுவாகக் கேட்டார்: "வெந்தயம் ஒரு பொடி கூடிடுச்சோ?"

அத்தை அப்போதுதான் ஒரு இட்லியைப் பிட்டு வாயில் போட்டார். மூக்கு அடைத்தாலும் கசப்பு நாக்குக்குத் தெரியுமே. மென்றபடியே நின்றார். முகம் அப்படியே இறங்கிப்போனது.

"ஆமா... வெந்தயந்தான். கை தவறிட்டு போல" என்றார்.

அதோடு விட்டாரா? ஒவ்வொரு மேஜையாகப் போய், "மன்னிச்சிருங்கம்மா, வடை எடுத்துக்கிடுங்க, பொங்கல் எடுத்துக்கிடுங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். எல்லோரும் பரவாயில்லை ஆன்ட்டி என்றார்கள். எல்லோர் தட்டிலும் இட்லி அப்படியே இருந்தது. கிளப்ஹவுஸின் சின்ன அடுப்படிக்குள் என் மனைவி அழுகையும் கோபமுமாக அவரிடம், "நான் அப்பவே சொன்னேன்ல, கேட்டர் பண்ணலாம்னு? உனக்கு வயசாயிடுச்சும்மா, ஒத்துக்கோயேன். எல்லார் முன்னாடியும் மானம் போச்சு" என்றது எனக்குக் கேட்டது. பிரசவம் முடிந்த உடம்பு, தூக்கமில்லை, வாயில் வந்ததைச் சொன்னாள். நான் குப்பைப் பையோடு வாசலில் நின்றேன்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் வேறொன்று செய்தேன். ஒரு தட்டை எடுத்துக்கொண்டு போய் அத்தைக்கு எதிரில் உட்கார்ந்து ஐந்து இட்லி சாப்பிட்டேன். "நல்லாத்தானே இருக்கு அத்தை" என்றேன். ஏதோ பிராயச்சித்தம் செய்வதாக நினைப்பு. அவர் என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு நன்றி. ஆறாவதை நான் கேட்கவே இல்லை, அவரே வேண்டாம் என்று தட்டை வாங்கி வைத்தார்.

அந்த வார இறுதியில் ஊருக்குப் போன் போட்டபோது தன் தங்கையிடம் சொன்னார்: "எல்லாரும் ஒதுக்கி வச்சிட்டாக. மாப்பிள்ளை ஒருத்தர்தான் மொகம் சுளிக்காம சாப்பிட்டாரு. தங்கம்."

நான் பக்கத்து அறையில் குழந்தைக்கு டயபர் மாற்றிக்கொண்டிருந்தேன்.

அதற்குப்பின் அவர் அரைத்தது எங்களுக்கு மட்டும்தான், அதுவும் வேண்டாவெறுப்பாக. வெந்தயத்தைத் தொடவே இல்லை. சனிக்கிழமை காலையில் யாராவது வந்தால் ரவை உப்புமா கிண்டினார். நாளடைவில் யாரும் வரவில்லை. திரும்ப ஜன்னலோர நாற்காலிக்கே போனார். ஆறு மாதம் முடிந்து ஊருக்குக் கிளம்பினார். விமான நிலையத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவ கோவக்காரி. நீங்க பொறுத்துப் போறீக" என்றார்.

அவர் போன மறுமாதமே அதே மூன்றாவது ஈஸ்ட்டைப் புதிதாக வாங்கினேன். இந்தத் தடவை டெக்னீஷியனின் ஃபிரிட்ஜில் வைத்துக் காய்ச்சினோம். அவருடைய நண்பர்கள் ஏழெட்டுப் பேர் குடித்துப் பார்த்து, ஒரு குறையும் சொல்ல முடியவில்லை, இவ்வளவு சுத்தமான லாகரை வீட்டில் செய்து பார்த்ததில்லை என்றார்கள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

பிறகு வேலை டெக்சாஸுக்கு மாறியது. அங்கே ஃபிரிஸ்கோ என்ற ஊரில் புதிதாக முளைத்த வீட்டு வரிசையில் ஒன்றை வாங்கினோம். கராஜில் எனக்கென்று ஒரு பழைய ஃபிரிட்ஜ், அதற்கு ஒரு தெர்மோஸ்டாட். இதற்குள் என் மனைவியே போனில் தன் அம்மாவிடம் என் பீர் பைத்தியத்தைச் சொல்லிவிட்டிருந்தாள். அத்தை, "செய்யட்டும், வீட்லதானே கெடக்காரு" என்று சொன்னாராம். அவ்வளவுதான். திருநெல்வேலி பூரா ஒன்றும் சொல்லவில்லை.

2001இல் இரண்டாவது பிரசவத்துக்கு வந்தார். மூன்று வருஷத்தில் ஆள் மெலிந்திருந்தார். இட்லிக்கு அரைத்தார், வெந்தயம் இல்லாமல். இட்லி தட்டையாகவும் கல்லாகவும் வந்தது. "இப்பல்லாம் இப்படித்தான் வருது. கை போயிட்டு" என்று சாதாரணமாகச் சொன்னார். ஊரிலும் கோயில் கொடைக்கும் கல்யாண வீட்டுக்கும் இட்லி ஊற்றக் கூப்பிட்டால் போவதில்லை என்று மனைவி சொன்னாள். இந்தியன் கடையில் அவர் வெந்தயப் பாக்கெட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பழையபடி அடுக்கில் வைத்ததை ஒரு நாள் நானே பார்த்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கராஜில் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். அடுப்படி ஃபிரிட்ஜில் இடமில்லாமல் என் ஃபிரிட்ஜில் வைத்திருந்த கறிவேப்பிலையை எடுக்க அத்தை வந்து அதைத் திறந்தார். திரும்பிப் பார்த்தேன். கையில் ஒரு தயிர் டப்பாவை வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே அடுத்த லாகருக்கான ஈஸ்ட். அத்தை வருகிறார் என்று தெரிந்ததும், பெரிய முன்னெச்சரிக்கையாக, கறுப்பு மார்க்கரில் கொட்டை எழுத்தில் நான் எழுதி ஒட்டியிருந்தேன்: மாவு அல்ல.

"இதை யாரு மாப்ளே மாவுன்னு சொன்னா?" என்று கேட்டார்.

அவர் மூடியைத் திறந்தார். இந்தத் தடவை மூக்கில் சளி இல்லை. மோந்து பார்த்தார். விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். வைத்தபடியே என்னைப் பார்த்தார்.

இன்னொரு பொய் தயாராகத்தான் இருந்தது. வாய் திறந்தபோது எப்படியோ உண்மை வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். சத்தியம் செய்ததை, டப்பாவை மறைத்து வைத்ததை, அன்று காலை எட்டு மணிக்கே எனக்குத் தெரியும் என்பதை, சாவியை எடுத்துத் திரும்ப மாட்டியதை. அழவும் அழுதேன். முப்பத்தைந்து வயது ஆள், கையில் ரப்பர் குழாயோடு.

அத்தை அங்கே கவிழ்த்துப் போட்டிருந்த பெயின்ட் வாளியின் மேல் உட்கார்ந்தார்.

"அப்போ வெந்தயம் இல்லையா?"

"இல்ல அத்தை."

"அளவு தப்பலையா?"

"தப்பல. உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "மூணு வருஷம்" என்றார். அதற்கு மேல் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்று இருந்தது. "நீங்க பீரு செய்யுங்க, என்னமும் செய்யுங்க. அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லிருந்தா அதைச் சாமி முன்னால வச்சிருக்க மாட்டேனே, மாப்ளே" என்றார். குரலை உயர்த்தவில்லை.

"உள்ள போய் அவகிட்டயும் சொல்லிடறேன் அத்தை" என்று எழுந்தேன்.

"வேண்டாம்." இதை மட்டும் சட்டென்று சொன்னார். "அவகிட்ட மூச்சு விடக் கூடாது. அன்னைக்கு என்னைய ஏசுனதை நெனச்சு நெனச்சு அழுவா. புள்ள வரப்போற நேரம். நீங்க சொல்லப்பிடாது."

டப்பாவை மூடி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, கறிவேப்பிலையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மத்தியானம் என்னைக் கூப்பிட்டு, கடைக்குப் போய் ஒரு வெந்தயப் பாக்கெட் வாங்கி வரச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை காலையில் இட்லி வைத்தார். சான்டா கிளாராவில் சனிக்கிழமைகளில் சாப்பிட்ட அதே இட்லி. என் மூன்று வயதுப் பெண் நாலு தின்றாள். மனைவி முதல் வாயை மென்றுவிட்டுத் தட்டைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

"அம்மா, பழைய கை வந்துடுச்சே! என்ன பண்ணின?"

அத்தை என் பக்கம் திரும்பவே இல்லை. அவள் தட்டில் இன்னொரு இட்லியை வைத்தார்.

"ஒண்ணும் பண்ணலட்டி. அன்னைக்கு மாதிரி கை தவறிரக் கூடாதுன்னு வெந்தயத்தை அளந்து போட்டேன்" என்றார்.

மனைவி சிரித்தாள். "பாத்தியா, நான் சொன்னேன்ல, கொஞ்சம் கவனமா இருந்தா போதும்னு" என்றாள். அத்தை ஆமாம் என்று தலையை ஆட்டினார். நான் தலையைக் குனிந்து என் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டேன்.